ஊசி குத்துவதற்கு முன்பும் பின்பும்: டெல்டா பள்ளிகளில் ரத்தசோகைப் பரிசோதனை

பள்ளியில் ரத்தசோகை முகாம் போடலாம் என்று முடிவெடுத்ததும் எல்லோரும் முதலில் கருவியைத் தேடுவார்கள். முதலில் தேட வேண்டியது மருந்தை. 300 பிள்ளைகளின் விரலில் குத்தி, 100 பேருக்கு 'ரத்தம் கம்மி' என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியேறிவிட்டால், அந்தச் சீட்டு கூரையில் செருகப்படுவதோடு சரி. அடுத்த முறை யாராவது ஊசியோடு வந்தால் தாய்மார்கள் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

ஆகவே தேதி குறிப்பதற்கு முன் மூன்று விஷயங்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, அந்தப் பள்ளி எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உட்பட்டதோ அங்குள்ள மருத்துவ அலுவலரின் ஒப்புதல். யாருக்கு என்ன மருந்து, எத்தனை நாள் என்று முடிவு செய்பவர் அவர். முகாம் நடத்துபவர் மருந்து எழுதக் கூடாது. இரண்டு, இரும்புச்சத்து மாத்திரையும் சிரப்பும் எவ்வளவு இருப்பில் உள்ளது என்ற கணக்கு. மூன்று, மிகக் குறைவாக வரும் பிள்ளையை அன்றே எந்த அரசு மருத்துவமனைக்கு அனுப்புவது, யார் கூடப் போவது, பேருந்துச் செலவு யாருடையது என்பது. இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் முகாமைத் தள்ளிப்போடுங்கள்.

ஒன்றிய அரசின் தேசிய சிறார் நலத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. அதன் நடமாடும் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு வந்துபோகும். அவர்கள் வரும் நாளோடு உங்கள் முகாமைச் சேர்த்துக்கொண்டால் மருத்துவரும் வண்டியும் கூடவே கிடைக்கும். தனியாக ஒரு முகாம் போட்டு அவர்களுக்குத் தெரியாமல் ஒரு பதிவேடு வைப்பதால் யாருக்கும் பயனில்லை.

எந்த நாள், எந்த நேரம்

டெல்டாவில் நாள் பார்ப்பது என்பது மழையையும் வயலையும் பார்ப்பது. அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பள்ளிக்கு எப்போது விடுமுறை விடுவார்கள் என்று சொல்ல முடியாது. நடவு உச்சத்தில் இருக்கும்போது அம்மா வயலுக்குப் போய்விட, தங்கை தம்பியைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நின்றுவிடுவாள். நமக்கு முக்கியமாக வேண்டியதே அந்தப் பெண்தான். கரையோரக் கிராமங்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகு வீட்டுச் சாப்பாடும் கொஞ்சம் தேறும், பெற்றோரும் ஊரில் இருப்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஜூலை, ஆகஸ்டு வசதி. அப்போது தொடங்கினால் மூன்று மாத மருந்தும் மறுபரிசோதனையும் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும்.

வாரத்தில் செவ்வாயும் புதனும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு, புதன்கிழமை தடுப்பூசிக்கு. அந்த இரண்டு நாளும் கிராம சுகாதார செவிலியர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். அவர் இல்லாமல் ஊரில் எதுவும் நடக்காது. வெள்ளிக்கிழமை வைத்தால், குறைவாக வந்த பிள்ளையை மறுநாள் மருத்துவரிடம் காட்டுவது சிரமமாகிவிடும். திங்களும் வியாழனும் தோது.

நேரம் காலை 10 மணிக்கு மேல். ஹீமோகுளோபின் (ரத்தத்தின் சிவப்புப் பொருள்; 100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் என்று அளப்பது) அளவுக்கும் வெறும் வயிற்றுக்கும் சம்பந்தமில்லை. மயக்கம்தான் பிரச்சினை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டு 25 அன்று நம் திருக்குவளையிலிருந்துதான் மாநிலம் முழுவதற்குமாக விரிவாக்கப்பட்டது. அதனால் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் சாப்பிட்டிருப்பார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் அந்த உத்தரவாதம் இல்லை. பலர் வரக்காப்பி குடித்துவிட்டு வந்திருப்பார்கள். 'காலையில் என்ன சாப்பிட்டே?' என்று கேட்டு, சாப்பிடாதவருக்கு இரண்டு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து எடுங்கள்.

பெற்றோரின் சம்மதம்

அச்சடித்த படிவத்தைப் பிள்ளையிடம் கொடுத்து 'கையெழுத்து வாங்கிட்டு வா' என்று அனுப்பினால் பாதி திரும்பி வராது. வந்த பாதியில் சிலவற்றில் பிள்ளையே கையெழுத்துப் போட்டிருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் மகளிர் குழுக் கூட்டத்திலும் போய் நின்று வாயால் சொல்லுங்கள்: விரல் நுனியில் ஒரு குத்து, மொத்தம் நான்கைந்து சொட்டு, ரத்தம் எங்கும் கொண்டுபோகப்பட மாட்டாது, பணம் கிடையாது, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். கருவியைக் கையோடு எடுத்துப்போய், கேட்கிற அம்மா ஒருவருக்கு அங்கேயே பார்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நரிக்குறவர், பூம்பூம் மாட்டுக்காரர் குடியிருப்புகளிலும், செங்கல் சூளைகளிலும், வேதாரண்யம் பக்கத்து உப்பளக் குடும்பங்களிலும் பகலில் பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். மாலை ஆறு மணிக்கு மேல்தான் போக வேண்டும்.

பெற்றோர் சம்மதித்திருந்தாலும் பிள்ளை மாட்டேன் என்றால் பிடித்து அழுத்திக் குத்தக் கூடாது. ஒரு பிள்ளை அலறினால் வரிசையே கலைந்துவிடும். முதலில் தைரியமான இரண்டு மூன்று பேரை உட்காரவைத்தால் மற்றவர்கள் தாமாக வருவார்கள்.

கருவியும் சாமானும்

சாலி முறையை மறந்துவிடுங்கள். 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தை அமிலத்தில் கலந்து, பத்து நிமிடம் பொறுத்து, வெளிச்சத்தில் கண்ணால் நிறம் பொருத்தும் வேலை அது. மரத்தடியில் ஒரு எண், வகுப்பறை உள்ளே ஒரு எண் வரும். கண் இமையையும் உள்ளங்கையையும் பார்த்து மட்டும் முடிவு செய்வதும் போதாது. மிகக் குறைந்த ரத்தம் கண்ணில் படும், லேசான குறைவு படாது. மருதாணி வைத்த விரலில் நகக்கண் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. விரலில் மாட்டிக் குத்தாமல் அளக்கும் கருவிகளும் வந்திருக்கின்றன. கூட்டத்தின் சராசரிக்கு உதவலாம், தனி ஒரு பிள்ளைக்கு மருந்து எழுத அதை நம்ப வேண்டாம்.

பேட்டரியில் ஓடும் டிஜிட்டல் ஹீமோகுளோபின் மீட்டர்தான் சரி. 2018-இல் தொடங்கிய ரத்தசோகையில்லா பாரதம் திட்டமும் பள்ளிகளுக்கு இதைத்தான் சொல்கிறது. சிலவற்றில் குவெட் என்ற சிறு பிளாஸ்டிக் தகடு, சிலவற்றில் ஸ்ட்ரிப். இரண்டுக்கும் வெயிலும் ஈரமும் எதிரி. வண்டிப் பெட்டியில் மதிய வெயிலில் கிடந்த ஸ்ட்ரிப் டப்பாவை அன்று பயன்படுத்தாதீர்கள். ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்ததும் டப்பாவை உடனே மூடுங்கள். மழை ஈரக் காற்றில் திறந்தே வைத்துவிட்டு வரிசையாக எடுத்துக்கொண்டிருந்தால் கடைசி ஸ்ட்ரிப்புகள் ஏதேதோ சொல்லும். டப்பாவைத் திறந்த தேதியை மேலேயே எழுதி ஒட்டுங்கள். திறந்தபின் ஆயுள் எத்தனை நாள் என்பது டப்பாவுக்குள் இருக்கும் தாளில் இருக்கும்.

100 பிள்ளைகளுக்கு: குவெட் அல்லது ஸ்ட்ரிப் 115, ஒருமுறை மட்டும் பயன்படும் லான்செட் (விரலில் குத்தும் சிறு ஊசி) 115, ஆல்கஹால் பஞ்சு 115, உலர்ந்த காஸ் துணித் துண்டு 400, ஒவ்வொரு பிள்ளைக்கும் மாற்றக் கையுறை, தர சோதனைத் திரவம் ஒரு செட், மாற்று பேட்டரி, எடை பார்க்கும் கருவி, குத்தினால் துளையாத வெள்ளை டப்பா, மஞ்சள் பை, சிவப்பு பை, வாளி, சோப்பு.

லான்செட்டில் இரண்டு எச்சரிக்கை. சர்க்கரை பார்க்கும் 30 கேஜ் மெல்லிய ஊசியை வாங்காதீர்கள். ஒரு சிறு முத்துக்கு மேல் ரத்தம் வராது, பிறகு பிதுக்கத் தோன்றும், அங்கேதான் அளவு கெடும். தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும் அகலமான முனை லான்செட் வாங்குங்கள். ஆழம் எட்டு வயது வரை 1.5 மில்லிமீட்டர், அதற்கு மேல் 2.4-ஐத் தாண்டக் கூடாது. அடுத்தது, பேனா போன்ற லான்செட் கருவியை ஊசி மட்டும் மாற்றிப் பலருக்குப் பயன்படுத்துவது. அதன் முனையில் ஒட்டும் ரத்தத்தால் ஹெபடைடிஸ் பி பரவும். பள்ளிக்குள் அது வரவே கூடாது.

ஒரு கருவிக்கு நான்கு பேர் தேவை: பெயர், வயது, எடை எழுத ஒருவர், குத்த ஒருவர், கருவியைப் படித்து எழுத ஒருவர், முடிவைச் சொல்லி அட்டை கொடுக்க ஒருவர். ஒரு நாளில் ஒரு கருவிக்கு 70 பிள்ளைகளுக்கு மேல் திட்டமிட வேண்டாம். 120 பேரை முடித்தோம் என்று பெருமை பேசும் முகாமின் பதிவேட்டை மாலையில் புரட்டிப் பாருங்கள், 11.0, 11.5, 12.0 என்று முழு எண்களும் அரை எண்களுமாக இருக்கும். யாரோ உத்தேசமாக எழுதியிருக்கிறார்கள் என்று பொருள்.

அந்தச் சொட்டு

தவறுகளில் பெரும்பங்கு இந்த ஒன்றரை நிமிடத்தில் நடக்கிறது. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வு விரல் நுனி ரத்தத்தில் பார்த்து, 6 மாதம் முதல் 59 மாதம் வரையான இந்தியக் குழந்தைகளில் 100-க்கு 58 பேருக்கு மேல் ரத்தசோகை என்றது. 2016-18-இல் நடந்த தேசிய அளவிலான முழு ஊட்டச்சத்து ஆய்வு நரம்பிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் பார்த்தது. 1 முதல் 4 வயதில் அது சொன்ன எண் 100-க்கு 41 அளவில். வயது வரம்பு அப்படியே பொருந்தாது என்றாலும், ரத்தம் எடுக்கும் விதம் எண்ணை எவ்வளவு அசைக்கிறது என்பதற்கு இந்த இடைவெளி போதும். அதே ஆய்வில் 5 முதல் 9 வயதில் 24, 10 முதல் 19 வயதில் 28 என்று வந்தது. பள்ளி வயதுக்கு நம்மிடம் உள்ள நல்ல கணக்கு அதுதான். குடும்பநல ஆய்வு 5 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கு ரத்தமே பார்ப்பதில்லை.

முறை இது. பிள்ளை சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். மழை நாளில் கை சில்லென்று இருந்தால் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கச் சொல்லுங்கள், கையை ஒரு நிமிடம் தொங்கவிடச் சொல்லுங்கள். உட்காரவைத்துத்தான் எடுக்க வேண்டும், நிற்கவைத்து எடுத்தால் மயங்கி விழும் பிள்ளையைப் பிடிக்க ஆள் இருக்காது. எழுதாத கையின் நடுவிரல் அல்லது மோதிர விரல். கட்டைவிரலும் சுட்டுவிரலும் தடித்திருக்கும், வலிக்கும். சுண்டுவிரலில் சதை போதாது. குத்துவது நுனியின் நட்டநடுவில் இல்லை, சற்றுப் பக்கவாட்டில், ரேகைக்குக் குறுக்காக. ரேகையோடு குத்தினால் ரத்தம் முத்தாகத் திரளாமல் வழிந்து ஓடும்.

ஆல்கஹாலால் துடைத்த பிறகு முழுதாகக் காயவேண்டும். அரை நிமிடம் பொறுங்கள், ஊதாதீர்கள். ஈரம் இருந்தால் ஆல்கஹால் ரத்த அணுவை உடைக்கும், சொட்டையும் நீர்க்கச் செய்யும். லான்செட்டை அழுத்தமாக வைத்து ஒரே முறை. தயங்கித் தயங்கி வைத்தால் ரத்தம் வராது, இரண்டாவது குத்து தேவைப்படும், பிள்ளையின் நம்பிக்கை போய்விடும்.

முதல் இரண்டு சொட்டை உலர்ந்த காஸில் துடைத்துவிடுங்கள். மூன்றாவது சொட்டு தானாகத் திரளவேண்டும். வராவிட்டால் விரலின் அடியிலிருந்து மெதுவாக ஒரு அழுத்தம், விடுதல், மறுபடி ஒன்று. மாட்டு மடியைக் கறப்பது போல நுனியைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துவிடும். 12 உள்ள பிள்ளைக்கு 10.8 காட்டும் எண்கள் இப்படித்தான் பிறக்கின்றன. சில கருவிகள் இரண்டாவது சொட்டைக் கேட்கும். உங்கள் கருவியின் தாள் சொல்வதைப் பின்பற்றுங்கள், ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அதே சொட்டு.

குவெட் என்றால் முனையைச் சொட்டின் நடுவில் தொட்டதும் அதுவே 10 மைக்ரோலிட்டர் உறிஞ்சிக்கொள்ளும். ஒரே மூச்சில் நிரம்ப வேண்டும். பாதி நிரம்பியதை மறுபடி தொட்டு நிரப்பாதீர்கள். உள்ளே குமிழி தெரிந்தால் தூக்கிப்போட்டுப் புதிது எடுங்கள். வெளிப்பக்கம் ஒட்டிய ரத்தத்தைக் காஸால் துடைக்கும்போது திறந்த முனையைத் தொட்டால் காஸ் உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும். உடனே கருவியில் வைத்துப் படியுங்கள். எண்ணை உரக்கச் சொல்லாதீர்கள். திரையைப் பார்த்து, தசம எண்ணோடு அப்படியே எழுதுங்கள். 11.4-ஐ 11.5 என்று எழுதுவது கருணை மாதிரித் தெரியும், ஆனால் ஒரு பிள்ளையின் மருந்தைப் பறிக்கும்.

லான்செட் நேரே வெள்ளை டப்பாவுக்கு. ரத்தம் பட்ட பஞ்சும் காஸும் மஞ்சள் பை, கையுறையும் பிளாஸ்டிக்கும் சிவப்பு. மாலையில் எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். பள்ளிக் குப்பைத்தொட்டியில் ஒரு லான்செட் கிடந்தாலும் அது உங்கள் பொறுப்பு. பணியாளர் விரலில் குத்திவிட்டால் சோப்பு, தண்ணீர், ஓடும் நீரில் கழுவல், பிதுக்க வேண்டாம், சில மணி நேரத்துக்குள் மருத்துவரிடம்.

எண்ணைப் படிப்பது

வயது தெரியாமல் எண்ணுக்குப் பொருள் இல்லை. 5 முதல் 11 வயது வரை 11.5-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. 12 முதல் 14 வரை ஆணும் பெண்ணும் 12.0-க்குக் கீழே. 15-இலிருந்து பெண்களுக்கு 12.0, பையன்களுக்கு 13.0. ஐந்து வயதுக்கு மேல் எல்லோருக்கும் 8.0 முதல் 10.9 வரை நடுத்தரம், 8.0-க்குக் கீழே கடுமை. இடையில் இருப்பது லேசானது. பெயர்தான் லேசு. அந்த நிலைக்கு வருவதற்குள் உடம்பின் இரும்பு இருப்பு கரைந்து போயிருக்கும்.

கடல்மட்டத்தைவிட வெகு உயரமான ஊர்களில் எண்ணைத் திருத்த வேண்டும். நமக்கு அந்தக் கவலை இல்லை, திருச்சி முதல் கோடியக்கரை வரை சமதரைதான்.

வயது என்பது நிறைவடைந்த ஆண்டு. நேற்று 12 முடிந்தவளுக்கு அளவுகோல் 12.0. பள்ளிப் பதிவேட்டுப் பிறந்த தேதியையும் எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் எண்) எழுதுங்கள். பல பிள்ளைகளுக்குச் சேர்க்கையின்போது மே, ஜூன் என்று போட்டுவைத்திருப்பார்கள். வேறு ஆவணம் இல்லையென்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணோடு சேர்த்துச் சில கேள்விகள். பல்பம், சாம்பல், மண், பச்சரிசி தின்கிறாயா? இது இரும்புச்சத்துக் குறைவின் தெளிவான அடையாளம். கேட்டால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள், அம்மா எதிரில் கேட்டால் மாட்டார்கள். கடைசியாகப் பூச்சி மாத்திரை எப்போது? வயலிலும் வாய்க்கால் கரையிலும் செருப்பில்லாமல் நடக்கிறாயா? கொக்கிப்புழு ஈர மண்ணில் பாதத் தோல் வழியாக ஏறும், குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கும். வயதுக்கு வந்த பெண்களிடம் மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா, ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா என்று பெண் பணியாளர் தனியிடத்தில் கேட்க வேண்டும். வரிசையில் வைத்துக் கேட்பதற்குக் கேட்காமலே இருக்கலாம்.

8.0-க்குக் கீழே வந்தால் முதலில் அடுத்த கையில் மறுபடி பாருங்கள். உறுதியானால் அன்றே அரசு மருத்துவமனை. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, கால் வீக்கம், நெஞ்சு படபடப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் 108. 'நாளைக்கு அப்பா வந்து கூட்டிட்டுப் போவார்' என்ற பதிலை ஏற்காதீர்கள். ஒரு நாள் கூலி போகும் என்பதால் அந்த 'நாளைக்கு' வரவே வராது.

முடிவை வகுப்பில் வாசிக்காதீர்கள், பலகையில் எழுதாதீர்கள். 'ரத்தமில்லாதவள்' என்ற பட்டப்பெயர் பத்தாம் வகுப்புவரை கூடவே வரும்.

கருவி சொல்வது உண்மையா

தினமும் காலையில் முதல் பிள்ளைக்கு முன்பு தர சோதனைத் திரவத்தைப் போட்டுப் பாருங்கள். டப்பாவில் அச்சிட்ட வரம்புக்குள் வரவில்லையென்றால் அன்று அந்தக் கருவியைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டு கருவி இருந்தால் ஒரே ஆளின் ரத்தத்தை இரண்டிலும் பார்த்து ஒப்பிடுங்கள்.

இதற்கு மேலும் ஒரு சோதனை அவசியம், பெரும்பாலான முகாம்கள் இதைச் செய்வதில்லை. 20 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில், பெற்றோரிடம் தனிச் சம்மதம் வாங்கி, முழங்கை நரம்பிலிருந்து 2 மில்லி ரத்தம் ஊதா மூடிக் குழாயில் எடுத்து, எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து, குளிர்பெட்டியில் ஐஸ் நேரே படாமல் வைத்து, அன்றே செல் கவுன்ட்டர் (ரத்த அணுக்களை எண்ணும் கருவி) உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். குலுக்கினால் அணு உடையும். இரண்டு எண்ணின் வித்தியாசத்தின் சராசரி அரை கிராமுக்கு மேல் இருந்தால் குத்தும் விதத்தை, ஸ்ட்ரிப்பை, கருவியை இந்த வரிசையில் சந்தேகியுங்கள். பள்ளிப் பிள்ளைகளில் நிறையப் பேர் 11-க்கும் 12-க்கும் நடுவில்தான் இருப்பார்கள். அரை கிராம் பிசகினால் ஒரு வகுப்பே இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

கணினியில் ஏற்றியதும் திட்டவிலக்கத்தை, அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவைப் பாருங்கள். வழக்கமாக 1.1 முதல் 1.5 கிராமுக்குள் இருக்கும். 2-ஐ நெருங்கினால் பிள்ளைகளின் ரத்தம் அவ்வளவு மாறுபட்டது என்று பொருள் கொள்ளாதீர்கள், குத்தியவரின் கை மாறியிருக்கிறது.

மருந்து, பிறகு மறுபடி ரத்தம்

ரத்தசோகையில்லா பாரதம் வழிமுறைப்படி 5 முதல் 9 வயதில் லேசான, நடுத்தர ரத்தசோகைக்கு தினமும் ஒரு கிலோ எடைக்கு 3 மி.கி. இரும்பு, இரண்டு மாதம். 20 கிலோ பிள்ளைக்கு 60 மி.கி. இந்த 60 என்பது தனி இரும்பின் அளவு, அது சேர்ந்திருக்கும் இரும்பு உப்பின் அளவு இல்லை. சிரப் பாட்டிலில் பெரிய எழுத்தில் இருப்பது பல நேரம் உப்பின் அளவு, கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 10 முதல் 19 வயதுக்கு 60 மி.கி. மாத்திரை இரண்டு, தினமும், சாப்பிட்ட பிறகு, மூன்று மாதம். எடைக்காரப் பதிவாளர் ஏன் தேவை என்பது இப்போது புரியும்.

இதைப் பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் மாத்திரையோடு குழப்பக் கூடாது. 5 முதல் 9 வயதுக்கு 45 மி.கி. இளஞ்சிவப்பு மாத்திரையும் 10 முதல் 19-க்கு 60 மி.கி. நீல மாத்திரையும் வருமுன் காப்பவை. ரத்தசோகை உள்ள பிள்ளைக்கு வாரம் ஒன்று போதாது. சிகிச்சையில் இருப்பவர்களுக்கு வார மாத்திரையை என்ன செய்வது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

பத்து நாளில் பலர் நிறுத்திவிடுவார்கள். காரணம் தெரிந்ததுதான்: வயிற்று வலி, குமட்டல், கறுப்பு மலம். கறுப்பாகத்தான் போகும், பயப்பட வேண்டாம் என்று முதல் நாளே சொன்னால் பாதிப் பேர் விடாமல் சாப்பிடுவார்கள். பள்ளி நாட்களில் மதிய சத்துணவு முடிந்ததும் ஆசிரியர் முன்னால் விழுங்க வைப்பதே சிறந்த வழி. சனி, ஞாயிறுக்கு மட்டும் வீட்டுக்குக் கொடுங்கள். சிரப் குடித்ததும் வாய் கொப்பளிக்காவிட்டால் பல் கறுக்கும். காய்ச்சல் இருக்கும் நாட்களில் நிறுத்தி வைத்து மருத்துவரைக் கேளுங்கள். முக்கியமாக, வீட்டில் உள்ள சின்னக் குழந்தை கைநிறைய அள்ளி விழுங்கினால் இரும்பு மாத்திரை உயிரைப் பறிக்கும். எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள், ஒரு மாதத்து மாத்திரையை ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள்.

பூச்சி மாத்திரை கூடவே வேண்டும். அல்பெண்டசோல் 400 மி.கி., மென்று தின்ன வேண்டும், ஆண்டுக்கு இரண்டு முறை பள்ளியில் கொடுக்கிறார்கள். அன்று வராத பிள்ளைகளின் பெயரைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஒரு மாதத்தில் மறுபடி ரத்தம் பாருங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் ஒரு கிராமாவது ஏறியிருக்கும். ஏறவில்லையென்றால் முதலில் உண்மையில் சாப்பிட்டதா என்று விசாரியுங்கள். சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். முழு ரத்த அணு எண்ணிக்கை, பெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டுவது), தேவைப்பட்டால் தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்த நோய்) சோதனை என்று அவர் பார்ப்பார். எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) எண்ணை மில்லியனில் உள்ள சிவப்பணு எண்ணால் வகுத்தால் 13-க்குக் கீழே வருவது தலசீமியா மரபைச் சந்தேகிக்க ஒரு காரணம். அந்தப் பிள்ளைக்குப் பல மாதம் இரும்பு கொடுப்பதால் நன்மை இல்லை.

சாப்பாட்டைப் பற்றி நீண்ட பிரசங்கம் வேண்டாம். வாங்க முடியாததைச் சொல்வது அவமானப்படுத்துவது. பீட்ரூட்டும் மாதுளையும் நிறத்தால் பெயர் வாங்கியவை, இரும்பு அதிகமில்லை. கோழி ஈரல், ஆட்டுச் சுவரொட்டி, சின்ன மீன், கருவாடு நல்லவை. வயல் நண்டும் நத்தையும் தின்னும் வீடுகள் டெல்டாவில் உண்டு, பிள்ளைகள் அதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். நல்ல உணவு என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். முருங்கைக் கீரை, கேழ்வரகு, பயறு இவற்றின் இரும்பு உடம்பில் குறைவாகவே ஒட்டும். ஒரு கொய்யா, நெல்லிக்காய் அல்லது எலுமிச்சைச் சாறு கூட இருந்தால் அதிகம் ஒட்டும். சாப்பாட்டோடு டீயோ காப்பியோ குடித்தால் ஒட்டுவது குறையும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். கும்பகோணத்துப் பக்கம் காப்பியையே விடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. ரேஷன் அரிசியில் மிதக்கும் சில மணிகளை 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிகிறார்கள். அது இரும்பு, போலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டிய மணி, நூற்றுக்கு ஒன்று கலந்தது. ஒரு பிடி அரிசியைத் தண்ணீரில் போட்டுக் காட்டி, அந்த மணியை வேகவைத்து நசுக்கிக் காட்டுங்கள், பேச்சைவிட அது வேலை செய்யும்.

அன்று வராதவர்கள்

முகாம் நாளில் வந்தவர்களின் சதவீதத்தை வைத்துப் பள்ளியின் நிலையைக் கணக்கிடாதீர்கள். உடம்பு முடியாதவள், மாதவிலக்கில் வீட்டில் இருப்பவள், நடவுக்குப் போன அம்மாவுக்குப் பதிலாகச் சமைப்பவள் எல்லோரும் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். முதல் முகாமிலிருந்து பத்து நாளுக்குள் இரண்டாவது நாள் ஒன்று கட்டாயம். அன்றும் வராதவர் பட்டியலைக் கிராம சுகாதார செவிலியரிடம் கொடுங்கள், அவர் தெருவில் பார்ப்பார்.

சிகிச்சை நடுவில் பள்ளி மாறும் பிள்ளைகள் தவறிவிடுவதும் வழக்கம். ஐந்து முடித்து ஆறுக்கு வேறு ஊர்ப் பள்ளிக்குப் போகிறார்கள், பெற்றோர் திருப்பூருக்கு வேலைக்குப் போகும்போது கூடப் போகிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அட்டை இரண்டு நகல்: ஒன்று பள்ளியில், ஒன்று வீட்டில். அதில் தேதி, எண், எடை, மருந்தின் அளவு, எத்தனை நாள் மீதி என்பவை இருந்தால் அடுத்த ஊர் மருத்துவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும்போது வீட்டு அட்டை தொலைந்திருந்தால் பள்ளி நகலைப் பார்த்துப் புதிது எழுதி, மீதி மாத்திரையையும் எண்ணிச் சேர்த்துக் கொடுத்தனுப்பும்படி தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.